லேபிளக்கா பார்த்த பிசாசு

லேபிளக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே பிசாசு என்றால் பயம். ஞாயிறு வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் அவன் கொம்பும் வாலுமாக நின்று ஒரு மனுஷன் காதில் எதையோ ஓதிக்கொண்டிருப்பான். மற்றப் பிள்ளைகளெல்லாம் கொம்பைப் பார்த்துப் பயந்தார்கள். இவள் பயந்தது அந்த மனுஷனைப் பார்த்து. அவன் முகத்தில் கலவரமே இருக்காது. யாரோ வீட்டுக்கு வேண்டிய நல்ல யோசனை சொல்வதுபோல, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

நாற்பத்து நாலு வயதில் புருஷன் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. அக்கா வந்து துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "கிளம்பு, நம்ம வீட்டுல இல்லாத இடமா" என்று கூட்டிப்போனாள். பின்கட்டு அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். அத்தான் இறைச்சித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாளர். தன் பிரிவிலேயே லேபிள் ஒட்டும் வேலையை வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்துதான் அவள் லேபிளக்கா.

அத்தான் சபையிலும் மூப்பர். தடித்த உடம்பு, மென்மையான குரல், எப்போதும் இஸ்திரி குலையாத சட்டை. புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் ஜெபக்கூட்டம் நடக்கும். பன்னிரண்டு பதினைந்து பேர் பாய் விரித்து உட்காருவார்கள். அங்கே பிசாசுக்கு ஓய்வே கிடையாது. மிக்ஸி புகைந்தால் பிசாசு. மாடித் தொட்டி ஒழுகினால் பிசாசு. தையல்காரர் மகள் பரீட்சையில் தவறினதும் அவன் வேலைதான், அவள் வருஷம் முழுக்கப் புத்தகத்தைத் திறக்காதது யாருக்கும் ஞாபகம் வராது. அத்தான் எழுந்து நின்று கையை நீட்டி அத்தனை பிசாசையும் ஜெபத்தால் கட்டிப்போடுவார். ஒருமுறை மிக்ஸியையும் சேர்த்துக் கட்டினார். மறுநாள் கடையில் கொடுத்து மோட்டார்க் காயிலை மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் அது ஓடியது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை.

தொழிற்சாலையில் முதல் ஆறு மாதம் லேபிளக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. குளிர் அறையில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். புதுக் கறி பாக்கெட் பாக்கெட்டாக வரும். மெஷின் துப்புகிற லேபிளை எடுத்துக் கோணாமல் ஒட்ட வேண்டும். அவள் ஒட்டினால் ஓரம் தூக்காது. அத்தானுக்கு அதில் பெருமை.

ஏழாவது மாதம் அவளைப் பின்பக்கத்து அறைக்கு மாற்றினார். ரிட்டர்ன் அறை என்று பேர். தேதி தாண்டிக் கடைகளிலிருந்து திரும்பி வரும் பெட்டிகள் அங்கேதான் அடுக்கியிருக்கும். அழிப்பதற்காக வைத்திருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் ஈரத்துணி மாதிரி வந்து அப்பியது. இனிப்பான வாடை. அழுகினது இனிக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சில பாக்கெட்டுகள் குழந்தை வயிறு மாதிரி உப்பியிருந்தன. ஒருவர் ஊசியால் குத்திக் காற்றை இறக்கினார். இன்னொருவர் பாக்கெட்டைக் கிழித்துக் கறியைத் தொட்டியில் கொட்டி, வினிகரும் ஐஸும் போட்டுக் கையால் அலசினார். தண்ணீர் சளி மாதிரி நூல் இழுத்தது. அலசினது அரவை மெஷினுக்குப் போய், புதுக் கறியோடு சேர்ந்து கொத்துக்கறியாக வெளியே வந்தது. இளஞ்சிவப்பாக, பார்க்க லட்சணமாக.

கெடாததுபோல் தெரிகிற பாக்கெட்டுகளுக்கு அந்தச் சிரமமும் இல்லை. அதற்குத்தான் லேபிளக்கா. சூட்டுக்காற்று அடிக்கிற மெஷினைப் பழைய லேபிள் மேல் காட்டினால் பசை இளகும். உரித்துவிட்டு, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, புது லேபிள். ஓரம் தூக்கக் கூடாது.

அவள் வெளியே வந்து தாழ்வாரக் குழாயடியில் வாந்தி எடுத்தாள். அத்தான் ஒரு டம்ளர் தண்ணீரோடு பின்னாலேயே வந்தார்.

"முதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான்மா இருக்கும்" என்றார்.

"அத்தான், இதைச் சாப்பிட்டா ஏதாவது ஆகாதா?"

"தேதிங்கறது ஒரு கணக்குதானேம்மா. அன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணி அடிச்சதும் கறி கெட்டுப்போயிடுமா, சொல்லு. சட்டத்துக்காகப் போடறாங்க. எப்படியும் வீட்டுல கொதிக்க வச்சுத்தான் சாப்பிடப்போறாங்க. நெருப்புக்கு முன்னாடி எதுவும் நிக்காது. இதைத் தூக்கிப் போட்டா எத்தனை உயிர் வீணா செத்ததா ஆகும், யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக எடுத்தால் தப்பு சொல்ல முடியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனாள்.

மூக்கு ஒரு வாரத்தில் பழகியது. மனசு ஒரு மாதத்தில். வாடை மட்டும் கையை விட்டுப் போகவில்லை. சோப்பு, எலுமிச்சம்பழத் தோல், கடைசியில் பாத்திரம் தேய்க்கிற தூள், எல்லாம் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் அந்த இனிப்பு வாடை இருந்துகொண்டே இருந்தது. சோற்றைப் பிசையும்போது வரும் என்று ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தாள். "என்னடி புதுசா, துரைசானி ஆயிட்டியா?" என்று அக்கா கேலி செய்தாள். அக்கா வீட்டில் தொழிற்சாலைக் கறி வாங்குவதே இல்லை என்பதை லேபிளக்கா கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தாள். அத்தான் சந்தையில் நின்று, கண்ணெதிரே வெட்டுவதைத்தான் வாங்கி வருவார்.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

அக்கா பேத்திக்கு ஞானஸ்நானம் வந்தது. லேபிளக்காதான் ஞானத்தாய் என்று அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால் போதகரிடம் மூன்று நாள் வகுப்புக்குப் போக வேண்டும். போதகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுகிறவர், பாதி வாக்கியத்தில் மறந்துபோய் நின்றுவிடுவார். ஆனால் பிசாசைப் பற்றிய பாடத்தில் மட்டும் அவர் தடுமாறவில்லை.

"நம்ம ஆளுங்க அவனை மிக்ஸியிலயும் தண்ணித் தொட்டியிலயும் தேடறாங்க. வேதம் அவனைப் பொய்க்குத் தகப்பன்னு சொல்லுது. பொய் எங்க இருக்கோ அங்க தேடணும். அவன் ஒளி உடுத்திக்கிட்டும் வருவான். இன்னொன்னு, அவனால யாரையும் கையைப் பிடிச்சு இழுக்க முடியாது. கூப்பிட மட்டும்தான் முடியும். போறது நம்ம கால்."

லேபிளக்கா மடியிலிருந்த கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். போதகர் பார்க்கவில்லை. அவர் வீட்டுக்கும் வாரா வாரம் அத்தான் ஒரு கறிப் பொட்டலம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, குழந்தையை ஏந்தி, தொட்டிப் பக்கத்தில் நின்றாள். போதகர் கேட்டார்: பிசாசையும் அவன் வேலைகளையும் அவன் பகட்டையும் வெறுத்துத் தள்ளுகிறாயா? குழந்தைக்காக அவள்தான் பதில் சொல்ல வேண்டும். வெறுக்கிறேன் என்றாள். மூன்று தடவை சொன்னாள். சொல்லும்போதே குழந்தை அவள் விரலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. அவள் விரலை வெடுக்கென்று உருவினாள், குழந்தை வீறிட்டது. எல்லோரும் தண்ணீருக்குப் பயந்து அழுகிறது என்று சிரித்தார்கள்.

ஆராதனை முடிந்து பின்பக்கத்துக் கூடத்தில் விருந்து. சமையல் பொறுப்பு அத்தானுடையது. கறி அவர் அன்பளிப்பு என்று போதகர் அறிவித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். லேபிளக்காவைப் பந்தி பரிமாறக் கூப்பிட்டார்கள். அடுப்படிக்குள் போனவள் கதவோரமாகக் குவிந்து கிடந்த காலிப் பாக்கெட்டுகளைப் பார்த்தாள். ஓரம் தூக்காத லேபிள்கள். துடைத்த இடத்தில் தின்னர் பட்டுப் பிளாஸ்டிக் மங்கலாகியிருந்தது. அது அவள் கைவேலை, அவளுக்குத் தெரியாதா.

பெரிய தட்டங்களில் கறி உருண்டைகளில் ஆவி பறந்தது. ஒன்றைப் பிட்டுப் பார்த்தாள். வெளியே பொன்னிறம், உள்ளே இன்னும் இளஞ்சிவப்பு.

அத்தானை வாசல் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்தான், இது ரிட்டர்ன் கறி. உள்ளே வேகக்கூட இல்ல."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. "ஜனங்க உக்காந்தாச்சும்மா. இப்ப எதையாவது சொன்னா அக்காவுக்குத்தான் அவமானம். குழந்தைக்கு நல்ல நாள் இது. ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. போ, போய்ப் பரிமாறு."

அவள் போனாள். அவளுடைய கால்தான் போனது. அக்கா தட்டில் வைத்திருந்த உருண்டைகளை மட்டும், "உனக்குப் பித்தம், இது வேண்டாம்" என்று எடுத்துவிட்டாள். அக்கா மகள் பால் கொடுக்கிறவள் என்று அவள் தட்டையும் மாற்றினாள். தனக்கு உபவாசம் என்றாள். மற்ற எழுபது பேருக்கும் இடுக்கியால் எடுத்து எடுத்து வைத்தாள். கோயில் மணியடிக்கிற பெரியவர் கடைசிப் பந்தியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மனைவி கறி தொடாதவள். அவர் பல் இல்லாத வாயோடு சிரித்துக்கொண்டே, "மெத்துன்னு இருக்கும்மா, என் வாய்க்குன்னே செஞ்ச மாதிரி. இன்னும் ரெண்டு வை" என்றார். வைத்தாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு பேர். வராந்தாவிலும் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பாய் பக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் பேசின். லேபிளக்கா பேசின்களைக் கழுவிக் கழுவி வைத்தாள். அந்த வாடையில் அவளுக்குத் தெரிந்த இனிப்பும் இருந்தது. தையல்காரர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எவ்வளவு நல்ல மனசுக்காரி" என்றாள். லேபிளக்காவுக்குக் கையை வெட்டி அந்தப் பேசினிலேயே போட்டுவிடலாம் போலிருந்தது.

மணிக்காரர் நாலாம் நாள் செத்துப்போனார்.

அடக்கம் முடிந்து அடுத்த புதன்கிழமை அத்தான் வீட்டுக் கூடம் கொள்ளாமல் ஜனம். மணிக்காரர் மனைவியும் வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அத்தான் எழுந்தார். அன்றைக்கும் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"இது சாதாரண வியாதி இல்ல" என்றார். "ஒரு குழந்தையைக் கர்த்தருக்குக் கொடுத்த அன்னைக்கே சாத்தான் நம்ம சபை மேல பாய்ஞ்சிருக்கான். அவனுக்குப் பொறுக்கல. தண்ணியில வந்தானோ காத்துல வந்தானோ, நமக்குத் தெரியாது. மூணு நாள் உபவாசம் இருந்து அவனை இந்த ஊரை விட்டே துரத்துவோம்."

ஆமென் என்றது கூடம். அவர் கண்ணில் நிஜமான கண்ணீர். அதைப் பார்த்ததும்தான் லேபிளக்காவுக்குக் குமட்டியது. ரிட்டர்ன் அறையில் முதல் நாள் வந்த அதே குமட்டல், அடிவயிற்றிலிருந்து. வேஷம் போடுகிறார் என்றால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் நம்பினார். தான் சொன்னதைத் தானே நம்பி, உருகி, அழுதுகொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்றாள்.

"தண்ணியிலயும் வரல, காத்துலயும் வரல" என்றாள். "கறியில வந்துச்சு. கடையிலேர்ந்து திரும்பி வந்த கெட்டுப்போன கறி. அத்தான் கழுவி அரைக்கச் சொன்னார். நான் தேதியை மாத்தி ஒட்டினேன். ரெண்டு வருஷமா ஒட்டறேன். அன்னைக்கு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பரிமாறினேன்."

அக்கா, "என்னடி உளர்ற" என்று முனகினாள்.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா" என்றார், மெதுவாக, வருத்தமாக. "இவளுக்குள்ள யார் பேசறதுன்னு தெரியுதா? சபையைப் பிளக்கறதுக்கு அவன் என் வீட்டுக்குள்ளயே ஆள் பிடிச்சிருக்கான்."

அதற்குமேல் நடந்ததை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் உடம்பு கூசும். நாலைந்து பேர் சுற்றி வந்து அவளை மண்டிபோட வைத்தார்கள். தலையில், தோளில், முதுகில், கழுத்தில் கைகள். வியர்வை பிசுபிசுக்கும் உள்ளங்கைகள். ஒருவர் நெற்றியை அழுத்திப் பின்னால் தள்ளினார். காதுக்குப் பக்கத்தில் யாரோ வெளியே வா, வெளியே வா என்று கத்தக் கத்த எச்சில் கன்னத்தில் தெறித்தது. அவள் துடைக்கக் கையைத் தூக்கினாள், கையையும் பிடித்துக்கொண்டார்கள். பிசாசு துள்ளுகிறான் என்று யாரோ சொன்னார்கள். போன வாரம் அவள் கழுவிவைத்த பேசினில் வாந்தி எடுத்தவர்கள்தான் அத்தனை பேரும்.

"விடுங்க அவளை."

மணிக்காரர் மனைவி. சத்தம் போடவில்லை. ஆனால் கைகள் ஒவ்வொன்றாக விலகின.

கிழவி வந்து லேபிளக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வச்சது நீதானே?"

"நான்தாம்மா."

"மறுபடியும் கேட்டாரே."

"கேட்டார். வச்சேன்."

"உங்க அக்கா தட்டுலேர்ந்து எடுத்ததைப் பாத்தேன். அன்னைக்கு எனக்குப் புரியல."

கிழவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பிசாசு ஒரு நாளும் நான்தான் செஞ்சேன்னு சொல்லமாட்டான். எந்திரி. இதை எங்க போய்ச் சொல்லணுமோ அங்க சொல்லு. நான் கூட வர்றேன்."

போதகர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். ஏதோ சொல்ல வந்தவர் பாதியில் மறந்தவர் மாதிரி நின்றார். இரண்டு பேரும் காவல் நிலையத்துக்கு நடந்தே போனார்கள்.

மறுநாள் காலை அதிகாரிகள் ரிட்டர்ன் அறையைத் திறந்தபோது அவர்களில் ஒருவர் முகமூடியோடேயே வெளியே ஓடி வந்தாராம். தொழிற்சாலைக்குச் சீல் வைத்தார்கள். முதலாளி வெளிநாட்டில் இருந்தார், அங்கேயே இருந்துவிட்டார். அத்தானுக்கு மூன்று வருஷம். லேபிளக்காவுக்கு ஆறு மாதம். தானாக வந்து சொன்னதால் குறைத்திருக்கிறோம் என்றார் நீதிபதி. அவளுக்குக் குறைத்தது பிடிக்கவில்லை. தீர்ப்பைக் கேட்டதும் அத்தான் கூண்டில் நின்றபடியே கண்ணை மூடி ஜெபம் செய்தார்.

அக்கா சிறைக்கு ஒரு தடவை வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "எல்லாரையும் விட்டுட்டு என் தட்டுலேர்ந்து மட்டும் எதுக்குடி எடுத்தே?" என்று கேட்டாள். "நானும் செத்துத் தொலைஞ்சிருப்பேன், இதைப் பாத்திருக்க வேண்டாம்." அப்புறம் வரவில்லை. துணிப்பெட்டியை வேறு யாரிடமோ கொடுத்தனுப்பினாள்.

வெளியே வந்த பிறகு, தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகள்தான் வரும். மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவளுக்கு அதில் அருவருப்பு இல்லை. அழுக்கு அழுக்காகவே வருகிறது, யாரும் அதைப் புதுசு என்று சொல்லவில்லை. மணிக்காரர் மனைவிக்கு வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள். மூன்றாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. நாலே வரி. உன்னை மன்னிக்க என்னால் இன்னும் முடியவில்லை, முடிந்தால் எழுதுகிறேன், நீ எழுதுவதை நிறுத்தாதே என்று.

நாலு வருஷம் கழித்து ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்கிற பெண் போனில் ஏதோ பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தாள். "இந்தச் சாட்சிப் பிரசங்கத்தைக் கேளுங்கக்கா. எவ்வளவு பாடு பட்டிருக்கார் மனுஷன்" என்று போனை நீட்டினாள்.

திரையில் அத்தான். கொஞ்சம் இளைத்திருந்தார், சட்டை அதே வெள்ளை. பெரிய மேடை, பின்னால் பாட்டுக்குழு. பிசாசு என் வேலை மேலே, என் வீட்டின் மேலே, என் பேர் மேலே படை எடுத்து வந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் சொந்த வீட்டு ஆளை வைத்தே என்னைக் கவிழ்த்தான், ஆனால் நான் கவிழவில்லை என்றார். ஜனம் எழுந்து நின்றது. செத்துப்போன கிழவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லேபிளக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். வாயில் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இவரை எனக்குத் தெரியும்" என்றாள். "எங்க அக்கா வீட்டுக்காரர். பிசாசு வந்தது நிஜம்தான். ஆனா அவர் மேல படையெல்லாம் எடுத்து வரல. எங்களைக் கூப்பிட்டான், நாங்க போனோம். அவ்வளவுதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றுவிடாமல். பல் இல்லாத வாய் சிரித்ததையும், இரண்டாவது தடவை வைத்ததையும். கேட்டுக்கொண்டிருந்த பெண் தன் டிபன் டப்பாவை அவளுக்குத் தெரியாத மாதிரி கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். லேபிளக்கா பார்த்தாள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெஷின் நின்று மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்து போய் ஈர விரிப்புகளை வெளியே இழுத்தார்கள். பெரிய விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். பிறகு மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.